நாற்பத்தொரு சுருள்

என் மேசை இழுப்பறையில் வெல்டர் அண்ணனின் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஒன்று கிடக்கிறது. தக்கலையில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. வேலையிடத்துப் பாஸ் விண்ணப்பத்துக்கு மூன்று போதும். எட்டுக்குக் குறைவாகத் தரமாட்டேன் என்றார் ஸ்டுடியோக்காரர். மிஞ்சியவற்றில் இது ஒன்று. அண்ணன் போட்டிருக்கும் வெள்ளை முழுக்கைச் சட்டை என்னுடையது. அவருடைய சட்டைகளிலெல்லாம் பொறி தெறித்த பொத்தல்கள். கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி இருக்கிறார்.

இருவரும் ஒரே ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தோம். மலையடிவாரத்தில், காவல் மிகுந்த ஓர் அரசு வளாகத்தில் குழாய் வேலை. அண்ணன் வெல்டர், நான் ஆபீசில் காகிதம் பார்ப்பவன். ரப்பர் பால் வெட்டுகிறவரின் மகன், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன். அச்சடித்த கேள்விக்கு உண்மையைத்தான் எழுத வேண்டும் என்று நம்பியிருந்தேன். வேலை வளாகத்தின் உள்பகுதிக்கு மாறியபோது எல்லோருக்கும் புதிய பாஸ் வேண்டும் என்றார்கள். அதற்குப் பின்னணி விசாரணை உண்டு. பாஸ் கிடைக்காதவனுக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை.

அண்ணனின் ஆங்கிலப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். அதில் ஒரு கேள்வி: தனி நபருக்கோ நிறுவனத்துக்கோ திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை ஏதேனும் உண்டா? அண்ணன் வங்கிப் பக்கமே போகாதவர். ‘இல்லை’ என்று எழுதப் போனவன், எதற்கும் இருக்கட்டும் என்று கேள்வியை அவருக்குத் தமிழில் முழுதாகச் சொன்னேன். என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

“எல்லாம்னா எல்லாந்தானா மக்கா?”

“ஆமா அண்ணே. மறைச்சாத்தான் தப்பு.”

“அப்பம் சுருள் உண்டு. எழுது.”

கல்யாண வீட்டில் வைக்கும் பணத்தை எங்கள் பக்கம் சுருள் என்போம். வைத்தவர் பெயரை நோட்டில் குறித்துக்கொண்டு, அவர் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பி வைக்க வேண்டும். முந்தின வருடம்தான் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நடந்திருந்தது. மறுநாள் நோட்டைக் கொண்டுவந்தார். திருப்பி வைக்க வேண்டியது நாற்பத்தொரு வீட்டுக்கு. தனித்தாளில் எழுதி இணைத்தேன். பதினேழாவது பெயர் என் அப்பாவுடையது, ஐந்நூறு ரூபாய். சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

மூன்றாவது வாரம் பாதுகாப்பு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். கோபமில்லாமல்தான் பேசினார். கடனில் இருப்பவனைப் பணம் காட்டி யாரும் வளைத்துவிடலாம், நாற்பத்தொரு பேருக்குக் கொடுக்க வேண்டியவரை எப்படி உள்ளே விடுவது, அடைத்துவிட்டு ரசீது கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். சுருள் என்றால் என்னவென்று நான் விளக்க விளக்க, ‘திருப்பிக் கொடுக்க வேண்டியதுதானே?’ என்ற இடத்திலேயே வந்து நின்றார். ‘ஆமாம்’ என்றேன். பைக் தவணை கட்டாமல் வங்கிக்காரருக்கு ஒளிந்து திரிந்த, குழாய் பொருத்தும் பிட்டர் ஒருவன், ‘இல்லை’ என்று எழுதி அதே வாரம் பாஸைக் கழுத்தில் மாட்டியிருந்தான். அவன்தான் அண்ணனிடம் கேட்டான்: “உள்ள கெடக்க குழாய வித்தா வே சுருள் வைக்கப் போறீரு?” அண்ணனும் சேர்ந்து சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கவரில் ஐந்நூறு ரூபாய். முதல் ரசீதை எங்கள் வீட்டில் வாங்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். வெள்ளைத்தாளில் எழுதியும் வைத்திருந்தேன். அப்பா கையெழுத்துப் போட்டால் போதும். அப்பா கவரைத் தொடவில்லை.

“வீட்டுல ஒரு விசேஷமும் இல்லியே. பின்ன என்னத்துக்கு இது? உறவ முறிக்க வந்தியா?”

நான் குறுக்கே புகுந்து விசாரணை, விதி, மாதக் கடைசி என்று அடுக்கினேன். அப்பா என்னைப் பார்க்கவேயில்லை. பணம் வாங்காவிட்டாலும் வாங்கியதாக ஒரு கையெழுத்தாவது போடுங்கள் என்றேன். அதை வேண்டாமென்று தடுத்தவர் அண்ணன். “ஒங்க வீட்டுலயே இப்பிடின்னா, மத்த நாப்பது வீட்டுல வெட்டுகத்திய எடுப்பானுவ மக்கா” என்றார். கறுப்புக் காப்பியைக் குடித்துவிட்டு, கவரைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். மாதக் கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது தக்கலை அருகே ஒரு பட்டறையில் ஜன்னல் கம்பி வெல்ட் செய்கிறார். வெல்ட் இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தும் ஒரு குறை காண முடியாத வேலை செய்த கை அது. நாற்பத்தொரு வீட்டிலும் முகம் காட்ட வேண்டிய மனிதரை எவன் விலைக்கு வாங்க முடியும்? அதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வரும் ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். அண்ணன் வருவார், சுருள் வைப்பார். நோட்டில் எழுதப் போவது நான்தான். கல்யாணச் செலவுக்கு அப்பா எஸ்டேட்டில் முன்பணம் வாங்கியிருக்கிறார். அந்தக் கடன் தாளில் ஜாமீனாக என் கையெழுத்தும் உண்டு.

அதற்குப் பிறகுதான், போன மாதம், என் பாஸைப் புதுப்பிக்க அதே படிவம் வந்தது. அதே கேள்வியில் பேனா சற்று நின்றது. ‘இல்லை’ என்று எழுதினேன். நாலே நாளில் பாஸ் வந்துவிட்டது. மிஞ்சிய என் புகைப்படங்களை இழுப்பறையில் போட்டபோது அண்ணனின் படம் அடியிலிருந்து மேலே வந்தது. இரண்டிலும் ஒரே வெள்ளைச் சட்டை.