சுவிஸுக்கு அனுப்பிய பத்திரம்

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணன் சுவிஸில் ஒரு ஹோட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். நான் கொழும்பு, வவுனியா என்று சுற்றிவிட்டு வேலையில்லாமல் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பியிருந்தேன். ஞாயிறுதோறும் ஹட்டனில் ஒரு தொலைபேசிக் கடையில் அவன் அழைப்புக்காகக் காத்திருப்பேன்.

"அங்கயும் மலைதானே அண்ணே, கடல்கூட இல்ல. எப்படி அவ்வளவு பணம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"இங்க ஒரு கொக்கோ மரம் கெடையாதுடா. வெளிய வாங்குறான், சாக்லேட் பண்ணி ஒலகத்துக்கே விக்கிறான். நீ அங்க கொழுந்தப் பார்த்துக்கிட்டே நில்லு." சிரித்தான். "அப்புறம், எல்லாத்துக்கும் கடுதாசி. கடுதாசி இல்லாம ஒரு தட்டுகூட கழுவ முடியாது."

அந்தக் கடுதாசி அவனிடமே வந்து நின்றது. வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். நேராக அங்குள்ள தன் லோயருக்கு அனுப்பிவிடு என்றான்.

எங்கள் தோட்டத்தில் வயது போதாத பிள்ளையை வேலையில் சேர்க்க, இறந்துபோன மூத்த பிள்ளையின் பெயரைக் கொடுப்பார்கள். அண்ணனையும் அப்பா அப்படித்தான் சேர்த்தார். காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி ஆள் கூப்பிடும்போது அந்தப் பெயர். அடையாள அட்டையிலும் பாஸ்போர்ட்டிலும் அதே பெயர். யாரும் அதைப் பொய்யென்று நினைத்ததில்லை.

நுவரெலியா கச்சேரியில் பிறப்புப் பதிவுப் பகுதி வரிசையில் இரண்டு நாள் நின்றேன். இரண்டு பெயருக்கும் அங்கே பதிவு இருந்தது, எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். அவ்வளவு ஒழுங்கான நாட்டுக்கு உண்மைதான் போகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அண்ணனின் சொந்தப் பெயரில் இருந்ததை எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவனிடம் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அழைத்தான்.

"என்னடா அனுப்புன?"

"ஒன்னோடதுதாண்ணே. நெசமானது."

"இப்ப நான் யாருன்னு கேக்குறாங்கடா."

பதறிப்போய் மற்றப் பத்திரத்தையும் எடுத்து அனுப்பினேன். சுவிஸ் அதிகாரிகள் கையில் இப்போது இரண்டு பிறப்பும் ஓர் ஆளும். ஹோட்டல் முதலாளி நல்லவராம். அண்ணனின் கையைப் பிடித்து வருத்தப்பட்டாராம். ஆனால் அனுமதி இல்லாமல் மறுநாளிலிருந்து உள்ளே வரக்கூடாது என்றுவிட்டார்.

நடந்ததை எழுதித் தரும்படி தோட்ட ஆபீஸில் கேட்டேன். கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார்.

"செத்தவன் பேர்ல சின்னப் பையனுக்கு வேலை குடுத்தோம்னு நானே கையெழுத்துப் போடணுமா தம்பி? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதற்குமேல் யாரிடம் போவதென்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அண்ணனிடம் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. பகலெல்லாம் அறையில் படுத்திருப்பதாகச் சொன்னான்.

பிறகு ஒருநாள், "மாசக் கடைசிக்குள்ள போகச் சொல்லிட்டாங்க. டிக்கட்டும் அவங்களே போட்டுட்டாங்க" என்றான்.

"எந்தப் பேர்லண்ணே?"

"பாஸ்போர்ட்ல உள்ள பேர்லதான். வேற எப்படிடா?" என்றான்.