அவர் பிடுங்காத வயர்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பிராண்டே ஊரில், எங்கள் தொழிற்சாலையின் நிலக்கீழ் அறையில், இயந்திரங்களினதும் தொலைபேசியினதும் வயர்கள் எல்லாம் வந்து சேரும் பேட்ச் பேனலை என்னோடு வேலைசெய்த அண்ணை ஒருவர்தான் பராமரித்தார். எந்த வயரைக் கழற்றுமுன்னும் அதன் இலக்கத்தை விரலால் தடவி, வாய்விட்டுப் படிப்பார்.

யுத்தத்தின் கடைசிக் கிழமை, முள்ளிவாய்க்காலிலிருந்து அவர் தங்கை அந்த அறைத் தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தாள். கதைத்துக்கொண்டிருக்கையிலேயே ஷெல் விழுந்தது. வெடிச்சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. அதோடு இணைப்பு அறுந்தது.

அண்ணை பேனலின் மேல் பாய்ந்தார். வயர்களைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கினார், இரும்புச் சட்டத்தில் குத்தினார். கையெல்லாம் இரத்தம். மேலே இயந்திரங்கள் நின்றுபோயின.

"அண்ணை, விடுங்கோ!" என்று இழுத்தேன். மிஞ்சியிருந்த ஒரேயொரு வயரில் என் கை பட்டது. என்னைச் சுவரோடு அறைந்தார்.

"அதிலை கைவைக்காதை! அது ரெலிபோன். அவள் திரும்ப எடுப்பாள்."

அன்று அவர் எந்த இலக்கத்தையும் படிக்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் அவர் கை எப்படிப் பிடுங்காமல் விட்டது என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.