அடுப்படி வாசலில் நின்ற 'அவன்'

ஐம்பதுகளின் கடைசியில், வேடசந்தூர்ப் பக்கம் கிணறு வெட்டும் வேலை தீர்ந்துபோய், திண்டுக்கல்லில் ஒரு புகையிலை வியாபாரி வீட்டில் ஒதுங்கினேன். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றிருந்தது; கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். அவர் எழுதிய நாவலைப் படியெடுத்துக் கொடுத்தால் இரண்டு வேளைச் சோறு. மூன்றாவது வேளைக்குத் தண்ணீர் இருந்தது.

கதை அவருடையதுதான். பக்கத்துக்குப் பக்கம் 'நான்'. வாயாடி மனைவியிடம் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் உத்தமன் அந்த 'நான்'. மனைவி கத்துவதற்கு மட்டும் அதில் இடம் விட்டிருந்தார். புத்தகம் வந்தால் ஊரே தன் பொறுமையைப் பேசும் என்று நம்பினார்.

அச்சகக்காரர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எங்க பாத்தாலும் நீங்களே நிக்கிறீகளே அண்ணாச்சி. 'அவன்'னு மாத்துங்க. அப்பத்தான் நாவல்."

"'அவர்'னு போட்டுருவமா?"

"அப்ப வாழ்த்துமடலாயிரும்."

நான் உட்கார்ந்து மாற்றினேன். 'மனைவி காய்ச்சலில் கிடந்தாள். நான் பசியைப் பொறுத்துக்கொண்டேன்' என்று இருந்தது. 'அவன் பசியைப் பொறுத்துக்கொண்டான்' என்று எழுதியதுமே தியாகி காணாமல் போனார். அடுப்படி வாசலில் தட்டோடு ஒரு தடியன் நின்றுகொண்டிருந்தான்.

சாயங்காலம் வியாபாரி அதை உரக்கப் படித்தார். உள்ளிருந்து அவர் மனைவி வந்தார். புருஷன் பெயரைச் சொல்லாதவர். 'அவுக' என்பதைத் தாண்டி அவர் பேசி நான் கேட்டதில்லை.

"யாரு இந்தப் பய? பொண்டாட்டி காய்ச்சல்ல கெடக்கா, ஒரு வாய் கஞ்சி வச்சுக் குடுக்க மாட்டானா?"

"அது கதை."

"கதையின்னாலும் இம்புட்டு சோம்பேறியாவா இருப்பான்?"

கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்திருந்த வசவெல்லாம் 'அவன்' தலையில் இறங்கியது. தடுப்பதென்றால் அது தான்தான் என்று வியாபாரி ஒப்புக்கொண்டாக வேண்டும். அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மறுநாள் 'நான்' என்றே திருப்பி எழுதச் சொன்னார். புத்தகம் அப்படியே வந்தது. ஊர் அவர் பொறுமையைப் புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சியோடு வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தார். அந்த அம்மா பரிமாறிவிட்டு என்னிடம் கேட்டார்:

"ஏந்தம்பி, அந்தப் பய இன்னைக்காவது வெஞ்சனம் நல்லாருக்குன்னு சொல்லுவானா?"

"நல்லாருக்கு" என்றார் வியாபாரி.

"உங்கள யாரு கேட்டா? நான் அவனக் கேட்டேன்."