மடுத்தீன் பார்த்த மட்ச்

சம்பளத்துக்கு றக்பி விளையாடிய தமிழனைப் பார்க்க விரும்புகிறவர்கள் பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மகாலிங்கத்தின் பலசரக்குக் கடைக்குப் போகலாம். அங்கே அரிசி மூடை இறக்குகிறவன்தான் தனூஜன். எங்கள் ஆட்களில் அவனுக்கு முன்னர் யாரும் றக்பி வேலைக்குப் போனதாகத் தெரியவில்லை. பின்னரும் போகவில்லை. போனால் என்ன நடக்கும் என்பதைப் பெற்றோர் அவனைக் காட்டியே பிள்ளைகளுக்கு விளக்கிவிடுகிறார்கள்.

புறநகரான வில்லியே லே பெல்லில் வளர்ந்த பெடியன். பள்ளிக்கூடத்தில் ஒருவர் முட்டை வடிவப் பந்தொன்றைக் கையில் கொடுத்தார். இவன் அதைக் கீழே வைக்கவேயில்லை. தெற்கே ஓர் ஊரில், பதின்மூன்று பேர் ஆடும் றக்பிக் கழகம் அவனை ஒப்பந்தத்தில் எடுத்தது. தகப்பன் மடுத்தீன் உணவகத்தில் கோப்பை கழுவி, மகனைக் கணக்காளனாக்கக் கனவு கண்டவர். விழுந்து எழும்புவதற்கும் சம்பளம் கொடுக்கிறார்களா என்று கேட்டார். அதன்பிறகு மகனோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

தனூஜனுக்கு இருந்தது ஒரே ஆசை. அப்பா ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். நெடுநாள் கெஞ்சிய பிறகு மடுத்தீன் இறங்கி வந்தார்.

"ஒருக்கா வாறன். பாத்திட்டுச் சொல்லுறன்."

ஒரு தகப்பனைத் தனியே ரயிலில் அனுப்ப எங்கள் சமூகம் விடுமா? எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் தலைவருமான மகாலிங்கம் பஸ் பிடித்தார். பொன்னாடை, சாப்பிட றோல்ஸ், தனூஜனின் படம் போட்ட பதாகை எல்லாம் ஏறின. வாசலில் எல்லோருக்கும் இலவச நுழைவுச்சீட்டு வைத்திருப்பதாகத் தனூஜன் சொல்லியிருந்தான். மகாலிங்கத்துக்கு அது மானப் பிரச்சினை. ஓசியில் போய்ப் பார்ப்பதா? ஊரின் பெயரையும் றக்பியையும் போட்டு இணையத்தில் தேடி, அகப்பட்டவற்றில் விலை கூடிய இடங்களை வாங்கினார்.

அந்த ஊரில் றக்பி இரண்டு. பதின்மூன்று பேர் ஆடுவது ஒன்று, பதினைந்து பேர் ஆடுவது மற்றது. கழகம் வேறு, மைதானமும் வேறு. அன்று இரண்டிலும் ஆட்டம். ஊர்ச்சனம் பதினைந்து பேரைப் பார்க்கப் பெரிய மைதானத்துக்குப் போனது. எங்கள் பஸ்ஸும் போனது.

பதாகையை விரித்தார்கள். பக்கத்திலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் யாரென்று தெரியாமலே மரியாதைக்குக் கை தட்டினார்கள். தனூஜனைத்தான் காணவில்லை. ஆட்டக்காரர் குவியலுக்கு அடியில் கிடக்கிறானாக்கும் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். குவியல் எழும்பியது, அவன் அதிலும் இல்லை.

இடைவேளையில் மடுத்தீன் தொலைபேசியை நிறுத்தினார். "என்ரை மோன் ரீமிலையே இல்லை. பொய் சொல்லிப்போட்டான்" என்றார். மற்றவர்களின் முகத்தைப் பார்க்காமல் போய் பஸ்ஸில் ஏறினார். பொன்னாடையை மடித்துக்கொண்டு எல்லோரும் பின்னால் ஏறினார்கள்.

மற்ற மைதானத்தில் அவர்களுக்கென்று ஒதுக்கிய வரிசை முழுக்க வெறுமையாக இருந்தது. தனூஜன் பந்தை வாங்கி இடது ஓரத்தால் ஓடி, கோட்டுக்கு அப்பால் வைத்துப் புள்ளி எடுத்தான். எழும்பி அந்த வரிசையைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் சேர்ந்து அவனை விழுத்தியபோது முழங்கால் போனது.

வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தனூஜனின் தாய் மேரிறோஸ், மகன் வேறு மைதானத்தில் விளையாடி முழங்கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் விசயத்தை அழுதபடி கணவருக்குச் சொன்னார். மடுத்தீன் உடனே ரயிலில் அந்த ஊருக்குத் திரும்பிப் போனார். கட்டிலருகே இருந்து, எப்படி விளையாடினாய் என்று கேட்டார். மகன் ஒன்றும் விடாமல் சொன்னான்.

"சனம் கை தட்டினதோ?"

"ஓம் அப்பா. எல்லாரும்."

"கால் சுகமாகட்டும். அடுத்த மட்ச்சுக்கு நான் தனிய வாறன்."

அடுத்த மட்ச் வரவில்லை. கழகம் மிகுந்த மரியாதையோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டது.

ஓய்வுபெற்ற மடுத்தீன் இப்போது மகாலிங்கத்தின் கடையில்தான் பொழுது போக்குகிறார். பெடியன் ஏன் நொண்டுகிறான் என்று யாராவது கேட்டால் அந்த ஆட்டத்தைச் சொல்லத் தொடங்குவார். வெயில் கண்ணில் குத்தியதுகூட வரும். பஸ்ஸில் போனவர்கள் அருகில் நின்றாலும் வாய் திறப்பதில்லை. பலமாகத் தலையாட்டுகிறவர் மகாலிங்கம். மடுத்தீனின் மட்ச் அந்தக் கோட்டோடு முடிந்துவிடும். முழங்கால் அதில் கிடையாது.

போன கிழமை முருங்கைக்காய் வாங்க வந்த யோகராணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பந்தை வாங்கினான், வலப்பக்கத்தால் ஓடினான் என்றார்.

மூடையோடு வந்த தனூஜன் நின்றான். "இடப்பக்கம், அப்பா."

"ஓடினவனுக்கு என்னடா தெரியும்? பாத்தவனுக்குத்தான் தெரியும்."

தனூஜன், "ஓம் அப்பா, வலப்பக்கம்தான்" என்று யோகராணிக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, நிலவறைப் படிகளில் ஒரு காலை வைத்து மற்றக் காலை அதனருகே சேர்த்து, மெதுவாக இறங்கிப் போனான்.