சின்னம்மாவின் பாதிச் சிரிப்பு

சின்னம்மாவைப் பெண் பார்க்க சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்த வாரம் அது. எனக்கு எட்டு வயது. கல்யாணமே முடிந்துவிட்ட மாதிரி பள்ளியில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை சின்னம்மா குடித்த தேநீர் வாயின் இடது ஓரமாக வழிந்தது. சிரித்துப் பார்த்தாள்; பாதி முகம்தான் சிரித்தது. இடது கண் மூட மறுத்தது. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு, "ஐயோ, காத்து அடிச்சிருச்சே! காத்தாடிக்கு நேரா படுக்காதன்னு எத்தன தடவ சொன்னேன்!" என்று வேப்பெண்ணெய் தேட ஓடினாள்.

"எண்ணெய் அப்புறம் தேய்க்கலாம்லா. ஸ்ட்ரோக்கா இருந்தா என்ன பண்ணுவ? மொதல்ல காடியில ஏறுங்க!" என்று அப்பா சத்தம் போட்டார்.

எங்கள் ஊரான டுரியான் துங்காலிலிருந்து ஆஸ்பத்திரிவரை அப்பா காரை விரட்டிக்கொண்டு போனார். அங்கே டாக்டரம்மா கைகளைத் தூக்கச் சொன்னார், பேசச் சொன்னார், பிறகு புருவத்தை உயர்த்தச் சொன்னார். நெற்றியின் இடது பாதியில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. முகத்தை அசைக்கும் நரம்பு வீங்கியிருக்கிறது, பக்கவாதமென்றால் பெரும்பாலும் நெற்றி அசையும் என்றார். ஆனால் அதை வீட்டில் நாமே முடிவு செய்யக் கூடாது, உடனே வந்ததுதான் நல்லது என்றும் சொன்னார். மாத்திரையும், மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கிடைத்தன. சின்னம்மாவைவிட அப்பாதான் பெரிதாகப் பெருமூச்சு விட்டார்.

காய்ச்சலென்று சொல்லித் தள்ளிப்போடலாமே என்று அம்மா கெஞ்சினாள். போனில் பேசிப் பேசியே அந்த மாப்பிள்ளையைச் சின்னம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போயிருந்தது; அவரிடம் மறைக்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த முகத்தோடேயே வந்து உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். மாப்பிள்ளை தட்டிலிருந்த வடையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம் என்றார்கள், சொல்லவில்லை. சின்னம்மா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

சில மாதங்களில் முகம் நேரானது. மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

"சரியாயிருச்சாமே! இப்ப எடுத்த படம் ஒண்ணு அனுப்பும்மா, பாத்துட்டு வர்றோம்."

சின்னம்மா என்னிடம் போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னாள். நான் அமுக்கும் நேரம் பார்த்து வாயை ஒரு பக்கமாகக் கோணி, ஒற்றைக் கண்ணை உருட்டி விழித்தாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவளோ அதையே அனுப்பிவிட்டாள்.

"ஐயையோ சின்னம்மா! அழகா இன்னொண்ணு எடுப்போம்லா!"

"அவங்களுக்கு இது போதும்லா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கைவிட்டுப்போன கல்யாணம் தானாகத் திரும்பி வரும்போது இப்படியா கெடுப்பார்கள் என்று நான் அன்று முழுக்க அழுதேன். சின்னம்மா ஏன் அழவில்லை என்பதுதான் எனக்குப் புரியவேயில்லை.