கிணற்றுக்கு எதிர்ச்சுற்று

அம்மா ஒன்றை நினைத்துவிட்டால் அதை மாற்ற ஆண்டவனாலும் ஆகாது. மஸ்கட்டில் அப்பா சாரத்திலிருந்து விழுந்து, தொடையில் கம்பி வைத்துக் கிடந்த சமயம் அது. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூட இருந்தவர்களுக்கெல்லாம் வேலை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆள் இல்லை. விசிட் விசாவில் போகிறவர்களும் சர்வதேச லைசென்ஸ் இருந்தால் அங்கே வாடகைக் கார் ஓட்டலாம் என்று கேள்விப்பட்டதும், நானே ஓட்டுகிறேன் என்றாள் அம்மா. அப்பா போனில் வேண்டவே வேண்டாம் என்றார். அம்மா போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் தேடினாள்.

வடசேரிச் சந்தைக் கூட்டத்தில் கார் ஓட்டியவளுக்கு அங்குள்ள ரோடுதான் குழப்பம். எல்லாம் வலது பக்கம். ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றுகிற வண்டிக்கு வழிவிட்டு, இடமாகச் சுற்ற வேண்டும். எங்கள் தோப்புக் கிணறு ரவுண்டானா ஆனது. காருக்குப் பதில் ஸ்கூட்டர். கிணறு எப்போதும் அம்மாவின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். சைக்கிளில் சுற்றிவரும் வண்டியும் நான், விசில் ஊதும் போலீசும் நான். பழக்கதோஷத்தில் அவள் மாறிப் போனால் ஊதிவிடுவேன். பெற்ற தாய் என்றெல்லாம் பார்க்கவில்லை.

ஒருநாள் அப்பாவின் தங்கையான என் அத்தை வந்து பார்த்து வெலவெலத்துப் போனாள். எங்களில் கோயிலை வலமாகத்தான் சுற்றுவார்கள். இடமாகச் சுற்றுவது சாவுச் சடங்கில் மட்டும்.

“மைனி, எதிர்ச்சுத்து சுடுகாட்டுக்கு உள்ளதாக்கும். அண்ணன் ஆஸ்பத்திரியில கெடக்கும்போ இது வேணுமா?”

“அங்க ரோடு அப்படியாக்கும். நீ போயி மாத்திட்டு வா, நான் வலமா சுத்துகேன்” என்றாள் அம்மா.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அம்மா நிற்கவில்லை. பொழுது சாயும்வரை ஒரு தப்பும் இல்லாமல் சுற்றினாள். அத்தையை நானே ஜெயித்ததுபோல எனக்குச் சந்தோஷம்.

பிறகு ஸ்கூட்டரை நிறுத்தினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கிணற்றைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். வலமாக. உதடு எதையோ முணுமுணுத்தது. இவ்வளவு பழகியும் மறந்துவிட்டாளே என்று எனக்குக் கோபம் வந்தது. விசிலை ஊதினேன்.

“அம்மா, தப்பு சைடு.”

“இது உங்கப்பாவுக்கு மக்கா. ஊதாத” என்றாள், நடையை நிறுத்தாமல்.

அப்பாவுக்கு என்றால் இன்னும் சரியாக அல்லவா போக வேண்டும்? மூச்சைப் பிடித்து மறுபடியும் ஊதினேன்.