அம்மாவின் கண்ணும் தம்பியின் சக்கரமும்

அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பெங்களூர் ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்த அதே வாரத்தில்தான் என் தம்பிக்கு எங்கள் பழைய அம்பாசடரை அழகுபடுத்தும் ஆசை வந்தது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடுவதற்குச் சில வருடம் முன்பு நடந்தது இது. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. எதிரில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. தேதி தவறினால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இத்தனையும் தெரிந்த பிள்ளை, பெங்களூரில் ஏதோ பழைய சாமான் கடையில் நான்கு அகலமான அலாய் சக்கரங்களை வாங்கி, ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

சக்கரம் பொருந்தவில்லை. உள்பக்கம் ஸ்பிரிங்கில் இடித்தது. பொருந்தாததைத் திருப்பிக் கொடுப்பதுதானே முறை? எங்கள் ஊரில் அப்படி யாரும் செய்யமாட்டார்கள். இடிக்கிறதா, ஒரு துண்டு இரும்பைக் கடைந்து நடுவில் வை என்பார்கள். அப்பாவே சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு நண்பரிடம் சொல்லி, கனத்த இரும்பு வளையங்கள் கடைந்து வாங்கி வந்தார். ஸ்பேசர் என்று பெயர். அதற்கேற்ற நீள போல்ட்டுகளும் கூடவே வந்தன. வளையத்தை நடுவில் கொடுத்து மாட்டியதும் சக்கரம் உள்ளே இடிக்கவில்லை, வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. மட்கார்டைத் தாண்டி டயர் எட்டிப் பார்த்தது. ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டு வரிசையில், எங்கள் லைனில், இருந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் வந்து குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, சூப்பர் என்று சொல்லிப் போனார்கள்.

அப்பா, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டை, கேஜை, ஓட்டுகிறவர். ஷிஃப்ட் தொடங்குமுன் காலிக் கேஜை ஒருதரம் இறக்கி ஏற்றிப் பார்ப்பார்கள். தட்டாமல் போய் வந்தால்தான் ஆளை ஏற்றுவது. அந்த வழக்கத்திலேயே ஊறிப்போனவர் காரையும் அப்படியே சோதித்தார். தம்பி மட்டும் உட்கார்ந்து ஆண்டர்சன்பேட்டை வரை ஓட்டிப் போய் வந்தான். எங்கேயும் உரசவில்லை.

"பின்னால ஆளுங்கள ஏத்திப் பாருங்க நைனா. ஸ்பிரிங்கு பழசு, கீழ எறங்கும்," என்றேன்.

"காலி கேஜ் நல்லா போச்சின்னா ஆளு கேஜும் நல்லா போவும். எனக்கே சொல்லித் தர்றியா நீ?"

கேஜ் மேலிருந்து தொங்குவது, கார் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருப்பது. இரண்டும் ஒன்றா? நானும் லைசென்ஸ் வைத்திருந்தவள்தான். ஆனால் வண்டியைப் பற்றி நான் வாய் திறந்தால் அந்த வீட்டில் யாருக்கும் காது கேட்காது.

மறுநாள் காலை கிளம்பினோம். முன்னால் தம்பியும் அப்பாவும், பின்னால் அம்மாவும் நானும். டிக்கி நிறைய அடுப்பு, அரிசி, பாத்திரம், படுக்கை. பங்காரப்பேட்டையைத் தாண்டி ஒரு பள்ளத்தில் பின்பக்கம் இறங்கியது, மட்கார்டின் விளிம்பு டயரைக் கடித்தது. கர்ரென்று சத்தம், ரப்பர் கருகும் நாற்றம். இறங்கிப் பார்த்தால் டயரின் ஓரம் சீவிப் போயிருந்தது. தம்பி டயரைப் பார்க்கவில்லை, சக்கரத்தில் கீறல் விழுந்ததா என்று பார்த்தான்.

"பின்னால வெயிட்டு இருக்கக் கூடாது," என்றார் அப்பா, புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி. "சாமான எறக்கு. உங்கம்மா முன்னால எங்ககூட ஒக்காரட்டும். நீ இத்தயெல்லாம் எடுத்துக்கினு பஸ்ல வா."

டாக்டரிடம் கன்னடத்தில் பேசித் தேதி வாங்கியவள் நான். பெண்கள் வார்டில் கூட இருக்கப்போகிறவள் நான். கடைசியில் ரோட்டில் இறங்க வேண்டியவளும் நான். அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது.

அதுவரை அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத அம்மா, கதவைத் தடவித் திறந்து இறங்கி நின்றாள்.

"பொம்பள வார்டுல நீங்க வந்து இன்னா பண்ணுவீங்க? நீங்களும் அவனும் எறங்குங்க. அவ ஓட்டுவா."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அதற்குள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அடுப்போடும் அரிசி மூட்டையோடும் இரண்டு ஆண்பிள்ளைகளும் ரோட்டோரம் நின்றார்கள். நான் பள்ளம் கண்ட இடமெல்லாம் மெதுவாக உருட்டிப் பெங்களூர் போய்ச் சேர்ந்தேன். தேதி தவறவில்லை. ஒரு கண்ணில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

கட்டவிழ்க்கும் நாளில் நர்ஸம்மா உள்ளே அவிழ்த்து அனுப்பினார். நான் வாசலில் காரோடு நின்றிருந்தேன். திறந்த கண்ணால் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பாள் என்று எனக்கு ஓர் ஆசை. அம்மா படியிறங்கி வந்தாள். என்னைத் தாண்டி நேரே காரிடம் போனாள். குனிந்து ஒரு சக்கரத்தைப் பார்த்தாள். சுற்றிப் போய் அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. கொழந்த ஆசயா மாட்டிக்கினான். அவன ஒண்ணும் சொல்லாதடி," என்றாள்.

என்னைப் பார்த்தது அதற்கு அப்புறம்தான்.